முத்திரை குத்தும் கைகள்: நம் கையில் மை இல்லையா?



உங்கள் பள்ளிக்கூட நாட்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். வகுப்பில் அலி என்ற பெயருடைய மாணவன் ஒருவன் இருந்திருப்பான். ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்து அந்தப் பெயரை வாசித்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு எழும். நான்காம் கலீஃபாவின் பெயர் அது. உயர்ந்தவர் என்ற பொருள் கொண்ட அரபுப் பெயர் அது. ஆனால் தமிழில் அதே ஒலிக்கு வேறொரு பொருள் இருப்பதால், அந்தச் சிறுவன் கேலிக்கு ஆளாகி அழுதுகொண்டு வீட்டுக்கு வருவான்.

நாம் என்ன செய்தோம்? "அது ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களின் திருப்பெயர்" என்று விளக்கினோம். நல்லது. ஆனால் அந்தச் சொல் யாரை இழிவுபடுத்த வசையாக வீசப்பட்டதோ, அந்த மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொன்னோமா? எங்கள் பிள்ளையை அப்படிச் சொல்லாதே என்று சண்டைக்குப் போனோம். எந்தத் தாயின் பிள்ளையையும் அப்படிச் சொல்லாதே என்று நாம் சொல்லவில்லை.

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். மேலை நாடுகளில் பெண்ணியவாதிகளுக்கும் திருநங்கையர் உரிமை பேசுவோருக்கும் இடையே பல ஆண்டுகளாக ஒரு சொற்போர் நடந்து வருகிறது. "அது அவர்கள் வீட்டுச் சண்டை, நமக்கென்ன?" என்று நம்மில் பலர் ஒதுங்குகிறோம். வேறு சிலரோ அந்தச் சண்டையில் பறக்கும் பட்டங்களை அப்படியே பொறுக்கி வந்து மேடையில் வீசுகிறோம். இரண்டுமே தவறு என்பதுதான் நம் வாதம்.

ஒரு பட்டம் பிறந்த கதை

'டெர்ஃப்' என்றொரு சொல். திருநங்கைகளைப் பெண்கள் என்ற வட்டத்திற்குள் ஏற்காத ராடிக்கல் பெண்ணியவாதி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 2008-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த விவ் ஸ்மைத் என்ற பெண்ணியவாதி இதைப் பயன்படுத்தினார். அவர் இதை வசையாக உருவாக்கவில்லை. திருநங்கைகளை ஏற்கும் ராடிக்கல் பெண்ணியவாதிகளும் இருக்கிறார்கள், ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரையும் ஒன்றாகப் பேசாமல் பிரித்துக் காட்டத்தான் அந்தச் சொல்.

பிறகு என்ன ஆயிற்று? சில ஆண்டுகளில் அது தெருவுக்கு வந்தது. பெண்ணியத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத சர்ச்சுக்காரர்கள் மீதும் அதே முத்திரை. சந்தேகம் கேட்ட கல்லூரி மாணவி மீதும் அதே முத்திரை. அந்தப் பட்டம் சூட்டப்பட்டவர்கள் அதைத் தங்கள் பெயராக ஏற்கவில்லை. அது வசை என்றார்கள். தங்களுக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் சும்மா இருந்தார்களா? இல்லை. எதிர்த்தரப்பு மீது அவர்களும் பட்டம் சூட்டினார்கள். திருநங்கையருக்குக் கழிப்பறையும் மருத்துவமும் கேட்டவரெல்லாம் 'சித்தாந்த வெறியர்' ஆனார்கள். திருநங்கை என்றாலே வேடமிட்டு வந்த ஆண், பெண்களுக்கு ஆபத்து என்று எழுதினார்கள். ஒரு குற்றவாளியின் செயலைக் காட்டி ஒரு கூட்டத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். ஒருவன் குண்டு வைத்தால் ஒரு சமுதாயமே பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கும் அதே தர்க்கம்! இந்தத் தர்க்கம் நமக்குப் பழக்கமில்லாததா?

'ராடிக்கல்' என்ற சொல்லையே பாருங்கள். வேர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெண்ணடிமைத்தனத்தின் வேர் வரை சென்று ஆராய்கிறோம் என்பதே 1960-களின் இறுதியில் அப்பெயரைச் சூடிக்கொண்ட பெண்கள் சொன்ன விளக்கம். அதே சொல் ஒரு முஸ்லிம் இளைஞனுக்கு முன்னால் ஒட்டப்படும்போது என்ன பொருள் தருகிறது? தமிழ்ப் பத்திரிகைகள் அதைத் 'தீவிரவாதி' என்றே மொழிபெயர்க்கின்றன. பெண்ணுக்கு ஒட்டினால் ஒரு கொள்கை, தாடிக்காரனுக்கு ஒட்டினால் ஒரு வழக்கு!

நீதிமன்றத்தில் முத்திரை செல்லுமா?

இங்கிலாந்தில் மாயா ஃபோர்ஸ்டேட்டர் என்ற ஆய்வாளர், ஒருவரின் உடல் சார்ந்த பாலினம் மாற்ற முடியாதது என்ற தம் கருத்தை வெளியிட்டார். வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வழக்குத் தொடர்ந்தார். 2019 டிசம்பரில் தொழில் தீர்ப்பாயம், ஜனநாயக சமுதாயத்தில் மதிப்புப் பெறத்தக்க நம்பிக்கையல்ல இது என்று தள்ளியது. 2021 ஜூனில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மாற்றியது. இந்த நம்பிக்கையும் சட்டப் பாதுகாப்புக்கு உரியதே என்றது. ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. இதைக் காட்டித் திருநங்கையரைத் துன்புறுத்த யாருக்கும் உரிமம் தரப்படவில்லை என்றும் தெளிவாகச் சொன்னது.

2025 ஏப்ரல் 16-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பளித்தது. 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்ற சொல் பிறப்பின் உடற்கூறு சார்ந்த பாலினத்தையே குறிக்கும் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். உடனே ஒரு சாரார் கொண்டாடினர். மறு சாரார் அழுதனர். ஆனால் தீர்ப்பை வாசித்த நீதிபதி ஹாட்ஜ், இதை ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் மீது பெற்ற வெற்றியாகப் பார்க்கக் கூடாது என்று எச்சரித்தார். பாலின மாற்றம் செய்தோருக்குப் பாகுபாட்டிலிருந்தும் துன்புறுத்தலிலிருந்தும் அதே சட்டம் தரும் பாதுகாப்பு நீடிக்கிறது என்றும் சொன்னார்.

கவனியுங்கள். இரு தீர்ப்புகளிலும் ஒரு பக்கத்துக்குச் சாதகமான வரி உண்டு. மறு பக்கத்தைக் காக்கும் வரியும் உண்டு. தெருவில் போனது எது? முதல் வரி மட்டும்தான்! முழுத் தீர்ப்பை ஒரு சொல்லுக்குள் அடக்க முடியாது. முத்திரைக்குப் பின்பாதி வேண்டாம்.

நமக்கென்ன என்கிறீர்களா?

பிரிட்டனின் அந்தச் சமத்துவச் சட்டத்தில் பாதுகாக்கப்படும் தன்மைகள் ஒன்பது. மதமும் நம்பிக்கையும் அதில் ஒன்று. பாலினம் ஒன்று. பாலின மாற்றம் ஒன்று. ஹிஜாப் அணிந்த சகோதரி வேலை மறுக்கப்பட்டால் எந்தப் பட்டியலைக் காட்டி நியாயம் கேட்கிறாளோ, அதே பட்டியலைக் காட்டித்தான் திருநங்கையும் நியாயம் கேட்கிறாள். ஒரு வரியை அழிக்கத் தொடங்கும் கை அடுத்த வரியில் நின்றுவிடும் என்று யார் உத்தரவாதம் தருவது?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மருத்துவமனைக்குப் போகும் முஸ்லிம் பெண் தனக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்கிறாள். பெண்களுக்கென்று தனியான நீச்சல் நேரம் கேட்கிறாள். உடனே அவள் மீது இரண்டு முத்திரைகள் விழுகின்றன. ஒரு சாரார், 'அடிமைப்பட்ட பெண், ஆணாதிக்கம் பேச வைக்கிறது' என்கிறார்கள். மறு சாரார், 'திருநங்கையரை வெறுப்பவள்' என்கிறார்கள். அவள் கேட்டது என்ன, ஏன் கேட்டாள் என்று அவளிடமே கேட்க யாருக்கும் நேரமில்லை.

நம் நாட்டிலும் இதைத்தானே பார்த்தோம்? 2019-ல் முத்தலாக் சட்டம் வந்தபோது, முஸ்லிம் பெண்களை விடுவிக்க வந்தோம் என்று முழங்கினார்கள். கணவனுக்கு மூன்றாண்டுச் சிறை என்றார்கள். மூன்றே ஆண்டுகள் கழித்து, 2022-ல், அதே கட்சியின் ஆட்சி நடந்த கர்நாடகத்தில் முஸ்லிம் மாணவிகள் தலைத்துணியோடு வந்ததால் கல்லூரி வாசலில் நிறுத்தப்பட்டார்கள். 2019-ல் 'சகோதரி', 2022-ல் 'சீருடையை மீறியவள்'! பெண் அதே பெண்தான். முத்திரைதான் மாறியது.

இரண்டு முகாம், இரண்டு பெண்கள்

"பெண்ணியவாதிகள் எல்லோரும் ஹிஜாபின் எதிரிகள்" என்று நம் மேடைகளில் சொல்கிறோம். உண்மையா?

பிரான்சில் 2004-ல் அரசுப் பள்ளிகளில் தலைத்துணியைத் தடுக்கும் சட்டம் வந்தது. பெண் விடுதலை என்ற பெயரில் பலர் அதை ஆதரித்தனர். ஆனால் கிறிஸ்டீன் டெல்ஃபி என்ற பிரெஞ்சுப் பெண்ணியவாதி அதை எதிர்த்தார். இவர் சாதாரணமானவர் அல்ல. சிமோன் த போவாரோடு சேர்ந்து பெண்ணிய ஆய்விதழ் தொடங்கியவர். அந்நாட்டு ராடிக்கல் பெண்ணியத்தின் முன்னோடிகளில் ஒருவர். நம் மார்க்கத்தை ஏற்றவர் அல்ல. ஆயினும், பெண்ணை விடுவிக்கிறேன் என்று சொல்லிச் சிறுமியைப் பள்ளியிலிருந்து விரட்டுவது என்ன விடுதலை என்று கேட்கும் நேர்மை அவரிடம் இருந்தது.

மறு முகாமுக்கு வாருங்கள். பாலினம் பற்றிய புதிய கோட்பாடுகளுக்கு மூலவராகக் கருதப்படும் அமெரிக்கப் பேராசிரியர் ஜூடித் பட்லர். அவருடைய கோட்பாடுகளை நம் ஆலிம்கள் ஏற்கமாட்டார்கள். ஆனால் 2010 ஜூனில் பெர்லின் நகரில் நடந்த ஓரினச்சேர்க்கையாளர் பேரணியில் அவருக்கு ஒரு விருது அறிவிக்கப்பட்டது. மேடையேறிய அவர் விருதை வாங்க மறுத்தார். ஏன் தெரியுமா? இனவெறிக்கு, அதிலும் முஸ்லிம்களுக்கு எதிரான இனவெறிக்கு, அந்த அமைப்பாளர்கள் துணை போகிறார்கள் என்று காரணம் சொன்னார்.

நீதியோடு பேசியவர்கள் இரு முகாமிலும் இருந்தார்கள். நம்மைப் பழித்தவர்களும் இரு முகாமிலும் இருந்தார்கள். 'பெண்ணியவாதி', 'பாலினக் கோட்பாட்டாளர்' என்ற முத்திரையை மட்டும் பார்த்திருந்தால் இந்த இருவரையும் எதிரிப் பட்டியலில் எழுதியிருப்போம். எழுதித்தான் இருக்கிறோம்!

வாசலில் நிற்கும் புதிய நண்பர்கள்

இப்போது இன்னொரு கூத்து. "பாலினம் இரண்டே, குடும்பமே அடிப்படை. நாங்களும் நீங்களும் ஒரே அணி" என்று சிலர் நம்மை நோக்கிக் கை நீட்டுகிறார்கள். யார் இவர்கள்?

2025 ஜனவரி 20-ல் பதவியேற்ற அன்றே அமெரிக்க அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். பாலினச் சித்தாந்தத் தீவிரவாதத்திலிருந்து பெண்களைக் காப்பதாக அதன் தலைப்பு சொல்கிறது. 'தீவிரவாதம்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? இதே மனிதர்தான் 2017 ஜனவரி 27-ல் ஏழு முஸ்லிம் நாடுகளின் மக்கள் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதித்தார். அன்று தீவிரவாதி நாம். இன்று தீவிரவாதி வேறொருவர். மை அதே மை!

ஹங்கேரியைப் பாருங்கள். 2020 மே மாதம் ஆர்பன் ஆட்சி, பாலின மாற்றத்தை ஆவணங்களில் பதிய வழியில்லாமல் சட்டம் இயற்றியது. நம்மில் சிலர் பாராட்டினோம். 2015-ல் சிரியப் போரிலிருந்து உயிர் தப்பி வந்த குழந்தைகளும் தாய்மாரும் எல்லையில் நின்றபோது முள்வேலி கட்டியதும் இதே ஆர்பன்தான். கிறிஸ்தவ ஐரோப்பாவைக் காக்கிறேன் என்று காரணம் சொன்னதும் இவர்தான்.

சகோதரர்களே! நம் பகைவரின் பகைவர் எல்லாம் நமக்கு நண்பர் அல்லர். அதிகாரத்தில் இருப்போர் ஒரு சிறுபான்மையை ஒடுக்க இன்னொரு சிறுபான்மையின் தோளைக் கேட்கிறார்கள். இன்று தோள் கொடுத்தால் நாளை அந்தத் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும்?

பாகிஸ்தான் தரும் பாடம்

பாகிஸ்தானில் 2018-ல் திருநங்கையர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக குவாஜா சிரா என்று அழைக்கப்படும் மக்கள், பிச்சையும் ஆட்டமும் தவிர வேறு பிழைப்பில்லாமல் வாழ்பவர்கள், கல்வி, வேலை, மருத்துவம், துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றைப் பெற வந்த சட்டம் அது. அதில் ஒரு பிரிவு, ஒருவர் தன்னைத் தானே எந்தப் பாலினமாக உணர்கிறாரோ அதையே ஆவணங்களில் பதியலாம் என்றது.

வாரிசுரிமையில் ஷரீஅத் சட்டம் பாலினத்தை வைத்துப் பங்கு பிரிப்பதால், இதைக் கேள்வி கேட்க நியாயமான இடம் இருந்தது. கேட்டிருக்க வேண்டியதும் அதுதான். ஆனால் 2022-ல் தெருவில் எழுந்த முழக்கம் என்ன? "இது ஓரினச்சேர்க்கைச் சட்டம்!" அவ்வளவுதான். ஒரே முத்திரை. சட்டத்தை முழுதாகப் படித்தவர் எத்தனை பேர்?

2023 மே 19-ல் அந்நாட்டு ஃபெடரல் ஷரீஅத் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தானே உணரும் பாலினம் பற்றிய பிரிவுகளையும் வாரிசுரிமைப் பிரிவையும் ஷரீஅத்துக்கு முரண் என்றது. ஆனால் சட்டம் முழுவதையும் குப்பையில் போடவில்லை. பிறப்பிலேயே பாலின உறுப்பு தெளிவில்லாதவர்களும் அவர்களைப் போன்றோரும் அரசியல் சட்டம் தரும் உரிமைகள் அனைத்துக்கும் உரியவர்கள் என்றது. தீர்ப்பை ஏற்பவர் உண்டு. மறுப்பவரும் உண்டு. அது வேறு விவாதம். நாம் சொல்ல வருவது இதுதான்: நீதிபதிகள் பிரிவு பிரிவாகப் பார்த்ததை நம் மேடைகள் ஒரே சொல்லால் மூடின. அந்தச் சொல்லின் அடியில் நசுங்கியவர் யார்? சட்டம் எழுதிய வழக்கறிஞரா? தெருவோரத்தில் நின்ற ஏழை குவாஜா சிராவா?

நம் ஃபிக்ஹு நூல்களைத் திறந்து பாருங்கள். 'குன்ஸா' என்ற தனிப் பகுதி அங்கே உண்டு. ஆணா பெண்ணா என்று தெளிவாகாதவருக்கு வாரிசுரிமை எவ்வளவு, தொழுகையில் எந்த வரிசை, கஃபனிடுவது எப்படி என்று இமாம்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே வரி வரியாக விவாதித்திருக்கிறார்கள். ஆண்களின் வரிசைக்குப் பின்னால், பெண்களின் வரிசைக்கு முன்னால் அவருக்கு இடம் சொன்னார்கள். பள்ளிவாசலில் அவருக்கு இடம் இருந்ததால்தானே எந்த வரிசை என்ற கேள்வியே எழுந்தது? பிறவியிலேயே பெண் சாயல் கொண்ட ஆணையும், வேண்டுமென்றே அப்படி நடிப்பவரையும் இமாம் நவவீ பிரித்தே பேசினார். முன்னவர் மீது குற்றமில்லை என்றார். அன்று மதரஸாவில் அமர்ந்து இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறிந்த சமுதாயம், இன்று ஒலிபெருக்கி முன் நின்று ஒரே வசைச்சொல்லால் எல்லோரையும் அடிக்கிறதே! இது வளர்ச்சியா, வீழ்ச்சியா?

நம் கையிலுள்ள மை

முத்திரையின் வலி நமக்குத் தெரியாததா? 1985 முதல் 1995 வரை தடா சட்டம் இருந்தது. 76,000-க்கும் அதிகமானோர் பிடிக்கப்பட்டனர். குற்றம் நிரூபிக்கப்பட்டோர் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. கோவை குண்டுவெடிப்பு வழக்கில் 1998-ல் கைதான அப்துந்நாசர் மஅதனி, 2007 ஆகஸ்டில் அந்த வழக்கில் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் சிறை! விடுதலைச் செய்தியைப் பத்திரிகைகள் போட்டன. முத்திரையை அழித்தனவா?

இந்தச் சமுதாயம்தான், தன் தலாக் விவகாரத்தை ஜமாஅத்தில் தானே வந்து பேச அனுமதி கேட்ட பெண்ணை 'பெண்ணியவாதி' என்று சொல்லி உட்கார வைக்கிறது. மஹர் கேட்பது அவள் உரிமை. வரதட்சணை மறுப்பது அவள் உரிமை. அல்லாஹ் கொடுத்த உரிமையைக் கேட்டால் மேற்கத்தியப் பட்டமா? இந்தச் சமுதாயம்தான் கடை வாசலில் கை நீட்டும் திருநங்கையைப் பார்த்து, எண்ணைச் சொல்லி, உறுப்பைச் சொல்லி, கூட்டமாகச் சிரிக்கிறது. 2008-ல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. மரியாதையான சொல் ஒன்று தமிழில் நிலைபெற்றது. 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தாரின் அடிப்படை உரிமைகளை உறுதி செய்தது. ஆனாலும் நம் நாவு இன்னும் பழைய வசையையே தேடுகிறதே!

நம் மார்க்க நிலைப்பாட்டை யாருக்காகவும் மறைக்க வேண்டாம். ஆண், பெண் என்ற படைப்பு, திருமணம், வாரிசுரிமை ஆகியவற்றில் நமக்குச் சட்டம் உண்டு. அதை ஆதாரத்தோடு, தலை நிமிர்ந்து சொல்வோம். மறுப்பவரின் வாதத்தையும் கேட்போம். ஆனால் வாதம் வேறு, வசை வேறு. ஒருவர் கருத்தை மறுக்கலாம். அவருக்கு வாடகை வீடு மறுக்க, கூலி மறுக்க, மருத்துவம் மறுக்க எந்த ஆயத்து அனுமதித்தது?

சூரத்துல் ஹுஜுராத்தின் 11-ம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைக் கேலி செய்வதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் அல்லாஹ் தடுக்கிறான். கேலி செய்யப்படுபவர் மேலானவராக இருக்கக்கூடும் என்றும் அங்கேயே எச்சரிக்கிறான். சூரத்துல் மாயிதாவின் 8-ம் வசனம், ஒரு கூட்டத்தின் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்கிறது. நமக்குப் பிடித்தவர்களிடம் மட்டும் நீதி காட்டு என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

எனவே ஒரு பட்டத்தை நாவில் எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பெயரை வைத்தது யார்? யாருக்கு வைக்கப்பட்டதோ, அவர் இதைத் தன் பெயராக ஏற்கிறாரா? இதைச் சொன்னபின் அவருடைய வாதத்தைக் கேட்க நான் தயாரா, அல்லது கேட்காமல் தப்பிக்கத்தான் சொல்கிறேனா? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் வாயை மூடிக்கொள்ளுங்கள். அது கோழைத்தனம் ஆகாது. அதுவே பேணுதல்.

நாளை உங்கள் பேரன் அலி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வருவான். அந்தப் பெயரின் சிறப்பை அவனுக்குச் சொல்லுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். "உன்னைக் கேலி செய்ய அவர்கள் எடுத்த அந்தச் சொல்லை வேறு எவர் மீதும் நீ வீசக் கூடாது. ஏனென்றால் அது எவ்வளவு வலிக்கும் என்று இப்போது உனக்குத் தெரியும்" என்றும் சொல்லுங்கள்.

நம்மீது குத்தப்பட்ட முத்திரையை அழிக்கக் கோரும் தகுதி, பிறர் மீது குத்தாத கைக்கே உண்டு. சிந்திப்போமாக!